அம்மாவுக்கு நான் போட்ட மாலை

பெற்ற தாயை உயிரோடு இருக்கும்போதே சாகடித்தவள் நான். (அவசரப்பட்டு யாருக்கும் தகவல் சொல்லிவிடாதீர்கள். தகவல் சொன்னதால் வந்த வினைதான் இது முழுவதும்.) ஒரு கைபேசி, இரண்டு அகல்விளக்கு, ஒரு சாமந்தி மாலை, இவ்வளவுதான் செலவானது. அந்த மாலையையும் நிஜமாகக் கழுத்தில் போடவில்லை, படத்தில்தான்.

மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பயிற்சிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு, மெஷினில் கையை விட்டால் விரல் போய்விடும் என்று திரையில் படம் போட்டுக் காட்டுவது என் தொழில். வருடக்கணக்கில் இதைச் செய்ததில் எனக்குள் பெரிய ஓவியர் ஒருத்தி ஒளிந்திருப்பதாக ஒரு நினைப்பு வந்துவிட்டது. அந்த நினைப்பு முதலில் வெளிப்பட்டது என் கல்யாணத்தில். என் கல்யாணப் பத்திரிகையை நானே போனில் வரைந்தேன். மயில், வாழைமரம், நாதஸ்வரச் சத்தம் எல்லாம் உண்டு.

அம்மாவுக்குக் கூடப் பிறந்தது ஒரே தங்கை, கடப்பாக்கத்தில் இருந்த கற்பகம் சித்தி. முதல் பத்திரிகையை வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் போய் அவளுக்குத்தான் வைக்க வேண்டும் என்று அம்மா கிளம்பினாள். நான்தான் தடுத்தேன். "சித்தி நம்ம ஆளும்மா. போன்ல அனுப்பிட்டேன், பாத்துட்டாங்க. ரெண்டு நீல டிக் வந்துச்சு பாரு."

சித்தி கல்யாணத்துக்கு வரவில்லை. அம்மா போன் செய்தபோது சொன்னது ஒரே வாக்கியம்: "எனக்குப் பத்திரிகை வர்லியேக்கா, போட்டோ தான் வந்துச்சு." அதன் பிறகு குடும்பக் குழுவிலிருந்து வெளியேறினாள். அக்கா தங்கை இருவருக்கும் எட்டு வருடம் பேச்சு வார்த்தை இல்லை. நடுவில் அம்மா இரண்டு முறை கடப்பாக்கம் போகப் புடவை மாற்றிக்கொண்டு, கடைசி நிமிடத்தில் ரோஷம் வந்து உட்கார்ந்துவிட்டாள். அம்மா என்னைக் குறை சொன்னதேயில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

இப்படி ஒரு வரலாறு இருக்கும்போது மனுஷிக்குப் புத்தி வர வேண்டாமா? வரவில்லை. போன வருடத்துக்கு முந்தைய வருடம், போனிலேயே படங்களை வெட்டி ஒட்டி ஆல்பம் செய்யும் வகுப்பு ஒன்றில் ஆன்லைனில் சேர்ந்தேன். டிஜிட்டல் ஸ்கிராப் புக் என்று பெயர். மாதம் ஒரு பக்கம். அந்தந்தப் பருவத்துக்கு ஏற்ற கைவேலை ஒன்றை நிஜமாகவே செய்து, அதைப் படமெடுத்து, வீட்டில் ஒருவரின் அன்றாடப் படத்தோடு சேர்த்து அலங்கரிக்க வேண்டும். ஆடிக்கு முளைப்பாரி செய்தேன், அதைச் சுற்றி என் கணவர் பல் தேய்க்கும் படம். (அதைப் பற்றி வீட்டில் பேச்சு வேண்டாம் என்று உத்தரவு.) கார்த்திகைக்கு அகல் விளக்கில் வண்ணம் தீட்டி மணி ஒட்டினேன். சாமந்தி வாங்கி மாலை கட்டினேன். நடுவில் வைக்க அம்மாவின் படம்.

இங்கே அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள், போனைத் தூக்கினால் போதும், ரேஷன் கார்டு போட்டோவுக்கு நிற்பவளைப் போல விறைத்துப் போவாள். என்னிடம் இருந்த நூற்றுச் சொச்சம் படங்களிலும் அதே முகம். வகுப்பு எடுத்தவர் வேறு, கறுப்பு வெள்ளையில் போட்டால் ஒரு ஆழம் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார். போட்டேன், கிடைத்தது. படத்தின் மூன்று பக்கமும் சாமந்தி மாலை. கீழே எரியும் இரண்டு விளக்கு. ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், தேதி, ஊர் கட்டாயம் என்பதால் 'வசந்தா, செங்கல்பட்டு' என்று எழுதி அன்றைய தேதியையும் போட்டேன்.

இதைப் பார்க்கிற யாருக்கும் தெரிந்திருக்கும். ஊரில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் இப்படி ஒரு பேனர் கண்ணில் படும். எனக்கு மட்டும் அது தெரியவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது. காலை ஆறரைக்குக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டுக் கம்பெனி பஸ் ஏறினேன். எங்கள் கம்பெனியில் வாசலிலேயே போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள்.

ஒன்பதரை மணிக்கு வகுப்பு நடுவில் என்னைக் கூப்பிட்டார்கள். வாசலில் செக்யூரிட்டி அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"வூட்டுக்காரர் போன் பண்ணாரும்மா. மனச தேத்திக்கோ. அம்மா தவறிட்டாங்களாம்."

என் கணவருக்குச் சொன்னது அவருடைய அக்கா. அக்காவுக்குச் சொன்னது தாம்பரத்திலிருந்து பெரியப்பா. பெரியப்பாவுக்குச் சொன்னது நான். அதாவது நான் விட்ட செய்தி ஒரு சுற்று சுற்றிவிட்டு என்னிடமே வந்து சேர்ந்தது. அது எனக்கு அப்போது தெரியாது. கம்பெனி காரின் பின் சீட்டில் விழுந்து அழுதேன். காலையில் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் வந்தது, போன வாரம் அவள் மூட்டு வலி என்று சொன்னபோது போனைப் பார்த்துக்கொண்டே "உம்" கொட்டியது எல்லாம் ஞாபகம் வந்தது. சிங்கப்பெருமாள் கோயில் தாண்டும்போதுதான் போனைத் திறந்தேன்.

காலையில் நான் போட்ட பக்கம். அதன் கீழே வரிசையாக ஆழ்ந்த இரங்கல், கூப்பிய கைகள், கண்ணீர் முகங்கள். ஒரு அத்தை, 'படம் நன்றாக அமைந்திருக்கிறது, ஆன்மா சாந்தியடையட்டும்' என்று எழுதியிருந்தாள். (அந்தப் பக்கத்துக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.)

புரிந்துவிட்டது. ஆனாலும் குரலைக் கேட்டால்தான் ஆகும் என்று அம்மாவுக்குப் போன் போட்டேன். மூன்றாவது முறை எடுத்தாள், பின்னால் மாவு மில் சத்தம்.

"இன்னாடி, டூட்டில போனு? ஒடம்புக்கு எதுனா?"

"இல்லம்மா. சும்மாதான்."

"தீபத்துக்கு மாவு அரைச்சிகினு கீறேன். அப்புறம் பேசு."

உண்மையை அங்கேயே சொல்லியிருக்கலாம். பயம். எப்படியாவது அவளுக்குத் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். குழுவில் 'அம்மா நன்றாக இருக்கிறார்கள்' என்று தட்டினேன். உடனே பெரியப்பா பதில் போட்டார்: 'குழந்தை அதிர்ச்சியில் பிதற்றுகிறது. பக்கத்தில் யாராவது இருங்கள்.'

இதே நேரத்தில் செங்கல்பட்டில் அப்பா டீக்கடையில் இருந்திருக்கிறார். ஒருவர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் போனில் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். முக்கால் மணி நேரத்துக்கு முன் இட்லி வைத்த மனைவி. அப்பா ஓடி வந்து பார்த்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார்கள் என்று முடிவு செய்து கேட்டைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். அவருடைய போன் பூட்டிய வீட்டுக்குள் இருந்தது.

எங்கள் கார் தெருவுக்குள் திரும்பும்போது முன்னால் மீன் பெட்டி ஏற்றும் ஒரு குட்டியானை வண்டி வழியை அடைத்துக்கொண்டு போனது. பின்னால் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, ஆளுயர ரோஜா மாலையைத் தோளில் தாங்கியபடி, கற்பகம் சித்தி. கல்யாணத்துக்குத்தான் அழைப்பு வேண்டும், இழவுக்கு யாரும் அழைப்பை எதிர்பார்ப்பதில்லை. சேதி காதில் விழுந்தால் போய்விட வேண்டியதுதான். அவள் மகள் மீனாவின் போனுக்கு யாரோ படத்தை அனுப்ப, சித்தி ஐஸ் கொட்ட நின்ற வண்டியை மறித்து ஏறியிருக்கிறாள். செத்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடித் துணி போட வேறு ஆளில்லை என்று மதுராந்தகத்தில் வண்டியை நிறுத்தி ஒரு பட்டுப்புடவையும் எடுத்திருக்கிறாள்.

கேட்டருகே அப்பா அழுவதைப் பார்த்ததும் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது. வண்டியிலிருந்து குதித்தாள். கேட்டில் தலையை மோதிக்கொண்டு அழுதாள்.

"எக்கா, என்ன வுட்டுட்டுப் பூட்டியேக்கா. ஒரு காயிதத்துக்காவ எட்டு வருசம் உன் மூஞ்சப் பாக்காத பாவி வந்துகீறேன், கண்ணத் தொறந்து பாருக்கா. உன் பொண்ணு கல்யாணத்தன்னிக்கு நான் வூட்ல குந்திகினு அழுதது உனக்குத் தெரியுமாக்கா. நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு இருந்துட்டனே."

நான் காரிலிருந்து இறங்கி ஓடினேன். கூட்டத்தைத் தாண்ட முடியவில்லை. அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கத்திலிருந்து அம்மா வந்தாள். இடுப்பில் மாவு டின், முடியெல்லாம் மாவு. தன் வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக நடந்து வந்து பின்னால் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று எனக்குத் தெரியாது. சித்தி சொன்ன எல்லாவற்றையும் கேட்டாள் என்று மட்டும் பிறகு தெரிந்தது. கடைசியில் சித்தியின் தோளைத் தொட்டு, அடங்கிய குரலில் கேட்டாள்.

"இன்னாத்துக்குடி இங்க வந்து அழுவுற?"

சித்தி திரும்பினாள். மாவு பூசிய வெள்ளை முகத்தோடு அக்கா நிற்கிறாள். சித்தி அலறவில்லை. மாலையைக் கீழே போட்டுவிட்டு அம்மாவின் தோளில் பளார் பளார் என்று நாலு அடி அடித்தாள், பிறகு தெருவிலேயே உட்கார்ந்து முன்னைவிடப் பலமாக அழுதாள். அப்பா அம்மாவைப் பார்த்து, "சாவி எங்கடி வெச்சே" என்று கேட்டார். (முப்பத்தைந்து வருட தாம்பத்தியம்.)

நான் கையைக் கட்டிக்கொண்டு எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. எட்டுப் பேரும் என்னையே பார்த்தார்கள், திட்டினால் தேவலை என்று இருந்தது.

"உள்ள வா கற்பகம்" என்றாள் அம்மா.

சித்தி எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுததை அக்கா கேட்டுவிட்ட வெட்கம் இப்போது ரோஷமாக மாறியிருந்தது. "நான் சாவுக்குன்னு வந்தவ. சாவு இல்ல. போறேன்" என்று வண்டியில் ஏறப் போனாள்.

அம்மா உள்ளே போனாள். சித்தி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, வண்டியின் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அம்மா ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், இரண்டு வாழைப்பழத்தோடு வந்து நடுத்தெருவில் அவள் முன்னால் நீட்டினாள்.

"என் பொண்ணு அமுதாவுக்குக் கல்யாணம். நீ அவசியம் வந்துடணும்."

சித்தி தட்டையே பார்த்தாள். "எப்போ?"

"எட்டு வருசத்துக்கு முன்ன."

சித்தி தட்டை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் சாம்பார் சாதம் வடித்து எட்டுப் பேருக்கும் பரிமாறினோம். இழவுக்கு எடுத்த பட்டுப்புடவையை அம்மா தீபத்தன்று கட்டியே தீருவேன் என்றாள். சித்தி பதறினாள். "கோடிக்கா அது, கட்டக் கூடாது." அம்மா விடவில்லை. "எனக்குன்னு எடுத்ததுதானே. அப்புறம் கட்டிவுட்டா நான் பாக்க முடியுமா?"

அதற்குப் பிறகு பதினோரு மாதம், தினமும் காலை ஏழு மணிக்கு இருவரும் போனில் பேசினார்கள். மீன் குழம்பு, மருமகன்கள், மூட்டு வலி. சித்தி மறுபடியும் குழுவில் சேர்ந்தாள். நான் எந்தப் படம் போட்டாலும் முதல் பதில் அவளிடமிருந்துதான் வரும்: "ஆளு கீதா, பூட்டுதா?" (ஆள் இருக்கிறதா, போய்விட்டதா.) பிறகு எல்லாரும் அதையே கேட்க ஆரம்பித்தார்கள். என் பையனின் பிறந்தநாள் கேக்குக்குக்கூட அந்தக் கேள்வி வந்தது. எனக்குக் கோபமே வந்ததில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்க அவள் திரும்பி வந்திருந்தாளே.

அடுத்த ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலை மீனா என்னைக் கூப்பிட்டாள். சித்தி குளிக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. அம்மாவிடம் நேரில்தான் சொல்ல வேண்டும் என்று உடனே கிளம்பினேன். செருப்பை மாட்டும்போது போன் அடித்தது. அம்மா. எடுத்தால் சிரிப்புச் சத்தம்.

"இன்னாடி அமுதா, வருசா வருசம் இதே பொழப்பா? போன வாட்டி என்னிய, இப்ப என் தங்கச்சியவா? மால கீல எல்லாம் ஜோராத்தான் போட்டுகீற. இரு, ஏழு மணி ஆயிடுச்சு, அவளுக்கே போன் போட்டுச் சொல்றேன். வுழுந்து வுழுந்து சிரிப்பா."

மீனாவோ, அவர்கள் வீட்டில் வேறு யாரோ, சித்தியின் படத்துக்கு மாலை போட்டுக் குழுவில் போட்டுவிட்டார்கள்.

"அம்மா, போன் போடாத."

"ஏண்டி?"

அவள் குரலில் இன்னும் சிரிப்பு மிச்சமிருந்தது. இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று யோசித்தேன். இல்லை.

"அத நான் பண்ணலம்மா."

தங்கை செத்த சேதியைக் கேட்டு என் அம்மா சிரித்தாள். அவளைச் சிரிக்க வைத்தது நான். அதற்கு மன்னிப்புக் கேட்கப் போனால், "வுடுடி" என்று எழுந்து போய்விடுகிறாள்.

கல்யாண வீடுகளில் பெரியப்பா இன்றும் அந்த மாவு டின் கதையைச் சொல்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள், அம்மாவும் சிரிக்கிறாள். ஆனால் குழுவில் யாருடைய படம் வந்தாலும் அவள் தானாகத் திறப்பதில்லை. என்னைக் கூப்பிட்டு, "இது நீ போட்டதாடி?" என்று கேட்பாள். ஆமாம்மா, நான் போட்டதுதான் என்று சொன்ன பிறகுதான் திறந்து பார்ப்பாள். அப்படிச் சொல்ல முடிகிற நாள்கள் நிறைய வேண்டும் என்பதற்காகவே, வாரத்துக்கு ஒரு பக்கமாவது நான் இன்னும் செய்து போட்டுக்கொண்டிருக்கிறேன்.