சிவப்பு விளக்கு அணைந்த ஞாயிறு

வருகிற ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் காரின் முன் ஸீட்டில் உட்கார வைத்தே தீருவது என்று பானெட்டுக்காரர் சபதம் எடுத்தார். சபதம் எடுத்தபோது அவர் தலை இன்ஜினுக்குப் பக்கத்தில் இருந்ததால் அது யார் காதிலும் விழவில்லை.

தெருவில் அவருக்கு அதுதான் பெயர். பிழைப்புக்கு ஓர் அலுவலகத்தில் எழுத்தர். விடுமுறை என்றால் தன்னுடைய இருபத்தாறு வயதுக் காரின் பானெட்டைத் திறந்து குனிந்துவிடுவார். அக்கம்பக்கத்தாருக்கு அவர் முகத்தைவிட முதுகுதான் நல்ல பழக்கம்.

மனைவி அந்தக் காரில் ஏறி மூன்று வருஷமாகிறது. கடைசியாக இருவரும் ஏரிக்கரைக்குப் போனபோது, போய்ச் சேருகிற நேரத்தில் டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. "ஒரே நிமிஷம்" என்று பானெட்டைத் திறந்தார். அந்த நிமிஷம் இரண்டேகால் மணி நேரம் ஓடியது. அவள் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தாள். அப்புறம் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். கை தவறி விழுந்த நட்டைத் தேடி நிமிர்ந்தபோதுதான் அவருக்கு அது தெரிந்தது.

"சிவப்பு லைட்டு மொத்தமும் அணையட்டும். அப்புறம் ஏறுறேன்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து முன் ஸீட்டில் டூல் பாக்ஸ் உட்கார்ந்தது. திருப்பங்களில் சரியாமல் இருக்க அதற்கு பெல்ட்டும் போட்டுவிடுவார். "மெதுவாப் போங்க, பறந்தா போகணும்?" என்று அவள் திட்டுவாளே, அதற்காக ஏங்கினார். முப்பதில் போனாலும் அப்படித்தான் திட்டுவாள். இப்போது எண்பதில் போனாலும் டூல் பாக்ஸ் வாயைத் திறப்பதில்லை.

விளக்குகளை ஒவ்வொன்றாக அடக்கினார். பிரேக் விளக்குக்குக் காரணம், ஹேண்ட்பிரேக் அடியில் சிக்கிக்கொண்ட ஸ்விட்ச். இண்டிகேட்டர் போட்டால் ஹாரன் முனகியதற்குக் காரணம், துருப்பிடித்த எர்த் வயர். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பாட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவினார். எல்லாம் அடங்கிய பிறகும் பாட்டரிப் படம் போட்ட விளக்கு மட்டும் இன்ஜின் ஓடும்போது கண் சிமிட்டியது. ஆறு வாரம் போராடினார். அது அவரைப் பார்த்தே சிமிட்டுவது போலிருந்தது.

வியாழக்கிழமை மூளை வேலை செய்தது. விளக்குதானே பிரச்சினை? டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டார். வாழ்க்கையில் எத்தனையோ முறை பல்பு வாங்கிய மனிதர், முதல் தடவையாக ஒன்றைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிறு மதியம் அவர் இன்ஜினைக் கிளப்ப, மனைவி வந்து டேஷ்போர்டை உற்றுப் பார்த்தாள்.

"ஒண்ணும் எரியலையே!"

"எரியாது. நான் சரி பண்ணிட்டேன்ல?"

"நீங்களேவா?"

"பின்னே? வேற யாரு?"

"கெட்டிக்காரர்தான்" என்றாள். முன் ஸீட்டிலிருந்த டூல் பாக்ஸை அவளே தூக்கி டிக்கியில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

தெருமுனை தாண்டியதும், "ஃபேனைப் போடுங்க, புழுக்கமா இருக்கு" என்றாள். போட்டார். "ரேடியோ பாடுமா?" பாடியது. "ஹெட்லைட்டும் போடுங்களேன், மேகமா இருக்கு." போட்டார். ஒரு தூறல் விழுந்தது. வைப்பரையும் போடச் சொன்னாள். தூறல் நின்ற பிறகும் நிறுத்தவிடவில்லை.

"அது ஆடுறது பார்க்க நல்லா இருக்குங்க."

மூன்று வருஷம் கழித்துக் கேட்கிறாள், மாட்டேன் என்பாரா? ஆனால் ரேடியோவின் குரல் கம்மியது. வைப்பர் அசதியோடு ஆடியது. அவர் எதையும் கவனிக்கவில்லை. ஏனென்றால் ஏரிக்கரை வளைவில் அவள், "மெதுவாப் போங்க, பறந்தா போகணும்?" என்றாள். அவர் சந்தோஷமாக வேகத்தைக் குறைத்தார்.

கரையில் வண்டியை நிறுத்திப் பத்து நிமிஷம் தண்ணீரைப் பார்த்தார்கள். அவருக்குக் கை துறுதுறுத்தது.

"கிளம்பலாமா?" என்றார்.

சாவியைத் திருப்பினார். டக் என்றது. மறுபடி திருப்பினார். டக் என்றுகூடச் சொல்லவில்லை.

"ஒரே நிமிஷம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். போச்சு, இனி ஜென்மத்துக்கும் ஏறமாட்டாள். ஓடிப்போய் டிக்கியைத் திறந்து டூல் பாக்ஸைத் திறந்தார். ஸ்பானர் இல்லை. டெஸ்டர் இல்லை. ஒரு பிளாஸ்க், இரண்டு கப், மடித்து வைத்த ஒரு போர்வை.

"என் ஸ்பானர் எல்லாம் எங்கே?"

"கட்டிலுக்கு அடியில. பத்திரமா இருக்கு."

அவள் கைப்பையைத் திறந்து எதையோ எடுத்து நீட்டினாள். அந்தப் பல்பு.

"வெள்ளிக்கிழமை துவைக்கப் போட்ட சட்டையில இருந்துச்சு. தெருமுனை எலக்ட்ரீஷியன்கிட்டக் காட்டினேன். 'அக்கா, இந்தப் பல்பு வழியா கரண்ட் போனாதான் பாட்டரி சார்ஜ் ஏறும். இதைக் கழட்டிட்டா பாட்டரி கரைஞ்சுக்கிட்டே இருக்கும். எல்லாத்தையும் போட்டு விட்டா ஒரு மணி நேரம் தாங்காது'ன்னார்."

"அப்போ அந்த ஃபேன், வைப்பர்..."

"ஏரி வரைக்கும் எவ்வளவு நேரமாகும்னு எனக்குத் தெரியாதா?"

"லைட்டு சிமிட்டினதுக்கு?"

"இன்ஜின் பெல்ட்டு தொளதொளன்னு இருக்காம். ரெண்டு நிமிஷ வேலையாம்."

ஆறு வாரம்! பானெட்டுக்காரர் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் முதுகைச் சுற்றிப் போர்வையைப் போர்த்தினாள். அவர் கையில் கப்பைக் கொடுத்தாள்.

"அந்த எலக்ட்ரீஷியன் ஆறு மணிக்கு வேற பாட்டரியோட வர்றார். அதுக்கு முன்னாடி வந்துடாதீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

தண்ணீரில் வெயில் சாய்ந்தது. மூன்று வருஷமாக, தான் முன் ஸீட்டுக்காக ஏங்கியபோது இவள் இந்தப் பெஞ்சுக்காக ஏங்கியிருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கிரீஸ் போகாத கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த ஞாயிறும் வருவியா?"

"வர்றேன்" என்றாள் அவள், பல்பைத் திரும்பத் தன் கைப்பையில் போட்டு மூடியபடி. "இதை மட்டும் மாட்டிடாதீங்க."