ஐம்பத்திரண்டு டிகிரி

ஒரு வேலையை முழுதாகக் கற்றுக்கொள்வதற்கு முன்பே அதை நாலு பேருக்குக் காட்டிவிட வேண்டும் என்கிற வியாதி எனக்கு உண்டு. கிட்டார் வாங்கிய மூன்றாம் நாளே கோயில் பாடகர் குழுவில் சேர்ந்தவன் நான். (நாலாம் நாள் ஃபாதர் எனக்கு அன்பாக வேறு வேலை கொடுத்தார். மெழுகுவர்த்தி ஏற்றுவது.) அந்த வியாதியால் அதுவரை யாருக்கும் காயம் பட்டதில்லை.

அப்போது எனக்கு வயது முப்பத்தொன்று. கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆபீஸ் கிளாக்கர். என் மனைவி ஸ்டெல்லாவின் அப்பா அதே தோட்டத்து ஸ்மோக் ஹவுஸில் வேலை பார்த்தார். ரப்பர் பாலை உறையவைத்து, ஷீட்டாக உருட்டி, கம்புகளில் தொங்கவிட்டு, விறகுப் புகையில் காயவைக்கிற கட்டடம் அது. உள்ளே சூடு ஐம்பதை ஒட்டி நிற்க வேண்டும். அறுபதைத் தாண்டினால் ஷீட் இளகும். இன்னும் ஏறினால் பற்றிக்கொள்ளும். மாமா அரை மணிக்கொரு தரம் கதவிலிருக்கும் தெர்மாமீட்டரைப் பார்ப்பார். விறகைத் தள்ளுவார், இழுப்பார். இதனால் அவர் போகாத கல்யாணங்களின் பட்டியல் ஸ்டெல்லாவுக்கு மனப்பாடம். எங்கள் கல்யாணத்துக்கே தாலி கட்டும் வரை நின்றுவிட்டுத் திரும்பிப் போனவர்.

எங்கள் மகளுக்கு ஞானஸ்நானம் குறித்தபோது ஸ்டெல்லா சொன்னாள்: "அப்பா இந்தத் தடவையும் வர மாட்டாரு பாருங்க."

"வருவாரு. நான் ஒரு வழி பண்றேன்," என்றேன்.

அந்த வழி, தீப்பெட்டியை விடச் சின்னதான ஒரு சர்க்கியூட் போர்டு. ஆன்லைனில் ஒரு வீடியோ பார்த்தேன். போர்டில் சூட்டை அளக்கும் சென்சாரைக் கோத்து வைஃபை கொடுத்தால், அளந்ததை எங்கோ இருக்கும் கம்ப்யூட்டருக்கு அது அனுப்பிவிடும். நாம் எங்கிருந்தும் போனில் பார்த்துக்கொள்ளலாம். அந்த எங்கோ இருக்கும் கம்ப்யூட்டருக்குப் பெயர் கிளவுட். வீடியோவில் வந்த பையன் எல்லாவற்றையும் பன்னிரண்டு நிமிஷத்தில் முடித்தான்.

எனக்கு ஐந்து வாரம் ஆனது. முதல் வாரம் லேப்டாப்புக்குப் போர்டு இருப்பதே தெரியவில்லை. மூன்று தடவை மென்பொருளை அழித்துப் போட்ட பிறகுதான், நான் செருகியிருந்த கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றும், தகவலைக் கடத்தாது என்று தெரிந்தது. இரண்டாம் வாரம் போர்டிலிருந்த நீல விளக்கு மினுக்கியது. (ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா சத்தம் போட்டீங்க?" என்று குழந்தைக்குப் பால் கொடுக்கப் போய்விட்டாள்.) மூன்றாம், நாலாம் வாரங்கள் முழுக்க வைஃபையோடு சண்டை. பாஸ்வேர்டில் ஒரு பெரிய எழுத்தைச் சிறிதாக அடித்திருந்தேன். ஐந்தாம் வாரம் போன் திரையில் ஒரு எண் தோன்றியது. முப்பத்தொன்று. எங்கள் வீட்டுச் சூடு. என் வயதும் அதுவே என்பதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

போர்டை ஸ்மோக் ஹவுஸ் சுவரில் மாட்டினேன். சிம் போட்ட சின்ன ரவுட்டரையும், அதற்கு மின்சாரம் கொடுக்கும் பவர் பேங்கையும் ஜன்னல் மாடத்தில் வைத்தேன். அறுபதைத் தொட்டால் போனில் மணி அடிக்கும்படி செய்தேன். அடித்தால் மாமா கோயிலிலிருந்து ஓடிப்போய் விறகை இழுத்துவிடலாம் என்பது என் கணக்கு. திரையில் எண்ணுக்குக் கீழே, தகவல் கடைசியாக எப்போது வந்தது என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று அதை மறைத்தேன். வாழ்க்கையில் நான் செய்த அலங்கார வேலை அது ஒன்றுதான்.

ஞானஸ்நானம் ஞாயிற்றுக்கிழமை காலை. மாமா வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா பத்துத் தடவையாவது திரும்பி அவரைப் பார்த்திருப்பாள். பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் சாப்பாடு. என் போன் மேசை மேசையாகச் சுற்றியது. எல்லோரும் அந்த எண்ணைப் பார்த்தார்கள். ஐம்பத்திரண்டு.

மாமா மட்டும் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்பிள, ஒரு மணி நேரமா இது அசையவே இல்லயே."

"நல்லதுதானே மாமா. சூடு ஒரே சீரா இருக்கு."

"அப்புடி நிக்காதுங்க. வெறகு எரிஞ்சா ஏறும், அடங்குனா எறங்கும். நான் ஒரு எட்டுப் போயி பாத்துட்டு வந்துர்றேன்."

எழுந்தவரின் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். உறவுக்காரர்கள் முன்னால் என் மெஷினை நம்பாமல் அவர் போவது எனக்குக் கௌரவக் குறைச்சலாகப்பட்டது. "பேத்தி விசேஷம் மாமா. இன்னக்கி மட்டும் இருங்க," என்று அவர் தட்டில் இன்னொரு துண்டு கோழி வைத்தேன். அவர் உட்கார்ந்தார். மருமகன் பேச்சைத் தட்டாத மனுஷர்.

சாப்பாடு முடிவதற்குள் தோட்டத்து லொறி டிரைவர் சுனிலிடமிருந்து அழைப்பு. "கிளாக் மஹத்தயா, ஸ்மோக் ஹவுஸ் எக கினி கன்னவா."

தீப்பிடித்து எரிகிறது என்கிறார். நான் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தேன். பிறகு, அப்படி இருக்க வழியில்லை, இங்கே ஐம்பத்திரண்டு என்றுதான் காட்டுகிறது என்று சுனிலுக்குச் சிங்களத்தில் விளக்கினேன். தீக்கு முன்னால் நிற்கிற மனுஷனுக்குத் தீ இல்லை என்று நான் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மண்டபத்து ஜன்னலில் நின்ற ஸ்டெல்லா, "என்னங்க, அங்க பாருங்க," என்றாள். எதிர் மேட்டில் ரப்பர் மரங்களுக்கு மேலே கறுப்புப் புகை. நான் இன்னொரு தடவை போனைப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு.

மாமா ஓடிவிட்டிருந்தார்.

நடந்தது இதுதான். விசேஷத்துக்குப் பந்தல், சாப்பாடு என்று ஓடிய அலைச்சலில் பவர் பேங்கை சார்ஜ் போட மறந்திருந்தேன். நாங்கள் கோயிலில் இருந்தபோதே அது செத்துவிட்டது; கூடவே ரவுட்டரும். தகவல் நின்றுபோனதும், கடைசியாக வந்த எண் திரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. நின்றுபோனதைச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே வரியை நான்தான் மறைத்திருந்தேன். அறுபதுக்கு மணி அடிக்க அறுபது வந்து சேர வேண்டும். வரவில்லை.

நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது பின்பக்கக் கூரை விழுந்துவிட்டிருந்தது. லயத்து வீடுகளிலிருந்து ஓடிவந்த தொழிலாளிகள் வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மாமா முன்கதவு வழியாக, எரியாத ஷீட்டுகளைக் கம்போடு இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தார். நாலைந்து பேர் சேர்ந்து அவரைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. உருகிய ரப்பர் இரண்டு கையிலும் ஒட்டியிருந்தது. வெள்ளைச் சட்டையோடு அவரைச் சுனிலின் லொறியில் ஏற்றி, கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "புள்ளய யாரு வச்சிருக்கா?"

ஒரு மாதம் கழித்து ஆபீஸில் விசாரணை. தோட்டத்து மேனேஜரான தொரைக்குத் தமிழ் வராது. அவர் கேட்பதை நான் தமிழில் கேட்டு, பதிலை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அது என் உத்தியோகம். ஆகவே என் மாமனாரைப் பார்த்து, இரண்டு கையிலும் கட்டோடு நின்றவரைப் பார்த்து, "வேலை நேரத்தில உங்கள யாரு போகச் சொன்னா?" என்று கேட்டவன் நான்தான்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "யாரும் சொல்லல. நானாத்தான் போனேன்னு எழுதுங்க மாப்பிள."

அவர் சொன்னதில் இரண்டு வார்த்தை எழுதினேன். அந்த இரண்டு வார்த்தையும் இன்னும் அந்த ஃபைலில் இருக்கும். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. எழுந்து நின்று, போர்டு, பவர் பேங்க், மறைத்த வரி என்று எல்லாவற்றையும் தொரையிடம் சொன்னேன். "யாரைக் கேட்டு அதை மாட்டினாய்?" என்றார். யாரையும் கேட்கவில்லை. சென்சாரை எங்கே மாட்டுவது என்றுகூட மாமாவை நான் கேட்டதில்லை.

யார் என்ன செய்திருந்தாலும் வேலையை விட்டுப் போனது மாமாதானே என்று அவரை ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். ஆபீஸில் டைப் செய்கிறவன் நான் ஒருவன்தான் என்பதால் அதையும் நானே டைப் செய்தேன். (எழுத்துப் பிழை இருக்கிறதென்று தொரை ஒரு தடவை திருப்பி அனுப்பினார்.) ஸ்டெல்லா மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள், அதை விடப் பேசாமலிருந்ததே நன்றாக இருந்தது.

கைகள் ஆறின. தோல் இறுகிவிட்டது, விரல் மடங்காது. சோற்றைப் பிசைய முடியாததால் ஆஸ்பத்திரியில் அவருக்கு ஸ்பூனால் சாப்பிடப் பழக்கினார்கள். எங்கள் வீட்டோடு வந்து தங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் அவர் கையைப் பார்க்காமல் சாப்பிட முயன்றுகொண்டிருந்தபோது, மாமா ஸ்பூனைத் தூக்கிப் பிடித்துச் சொன்னார்: "இந்தத் தோட்டத்தில எத்தன வருசம் வேல செஞ்சும் தொரை ஆக முடியல. மாப்பிளதான் ஆக்கி விட்டாரு."

முதலில் சிரித்தது ஸ்டெல்லா. சிரித்தபடியே அழுதாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாமாவுக்குத் தொரை என்றே பெயர். விருந்தாளி யார் வந்தாலும் தனக்கு அந்தப் பட்டம் கிடைத்த கதையை அவரே சொல்வார். சுனிலிடம் நான் சிங்களத்தில் வாதாடிய கட்டத்தில் என் குரலிலேயே பேசிக் காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். பிறகு அவர் தட்டிலிருக்கும் மீனுக்கு முள் எடுத்துக் கொடுப்பேன். அது ஸ்பூனால் ஆகாத வேலை. எங்கள் வீட்டில் அதை வேறு யாரும் செய்வதில்லை.