யார்க்‌ஷயர் வீட்டு வரிக்குட்டிகள்

பந்தலூரில் வெண்பன்றி வளர்க்க முடியாது என்பதற்கு ஆயிரம் காரணங்கள் உண்டு. அத்தனையையும் தனி ஆளாக அனுபவித்து முடித்தவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவருடைய நிஜப் பெயர் எங்கள் கால்நடை மருந்தகப் பதிவேட்டில் மட்டுமே இருந்தது. ஊருக்கு அவர் யார்க்‌ஷயர்.

சிலோனிலிருந்து திரும்பியவர். தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கும் வேலை, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை விட்டு வெளியே சொந்தமாகக் கையகல நிலம். நான் மருந்தகத்தில் கிளார்க். பன்றி வளர்ப்புப் பயிற்சிக்கு ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினோம். வந்தது இவர் மட்டும். எங்கள் கால்நடை டாக்டர், யார்க்‌ஷயர் என்ற இங்கிலாந்து வெண்பன்றி இனத்தைப் பற்றிச் சொன்னதும் இவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அப்ப அது தொரைமாரு ஊருப் பன்னியா, சேர்?"

அன்றைக்கே ஒரு பெண்குட்டியை வாங்கி, ராணி என்று பெயர் வைத்தார்.

முதல் தொல்லை, தீவனம். புத்தகத்தில் போட்டிருந்த தீவனம் மலைக்குக் கீழே போனால்தான் கிடைக்கும். ஆகவே வாளியோடு பஜாருக்குப் போய், முஸ்லிம் ஹோட்டல் முதலாளி பாயிடம் மிச்சச் சோறு கேட்டார்.

"எதுக்கு?" என்றவர், யார்க்‌ஷயர் வாயைத் திறப்பதற்குள் கையை உயர்த்தினார். "வேணாங்க, சொல்லாதீங்க. வாளியப் பின்னாடி வெச்சுட்டுப் போங்க. நான் எதையும் கேக்கல, நீங்க எதையும் சொல்லல."

அடுத்து எதிர்வீட்டு டீச்சர். "ஏனுங்க, ஊட்டுல உக்காந்து சோறு திங்க முடியலீங்க" என்று அவர் பஞ்சாயத்துக்கு மனு எழுதத் தயாரானார். யார்க்‌ஷயர் ராணிக்கு மூன்று வேளையும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, கயிற்றில் கட்டி டீச்சர் வாசலுக்கே நடத்திப் போனார். "மோந்து பாருங்க டீச்சர்!"

டீச்சர் தூரத்திலிருந்தே மூக்கைச் சுளித்தார். "பன்னி மணக்குதுங்க. நீங்கதானுங்க குளிக்கோணும்."

பிறகு மழை. பந்தலூர் மழைக்குக் கூரைத் தகடு ஓட்டையாகிவிட, தன் கம்பளியை ராணிக்குப் போர்த்திவிட்டு நனைந்துகொண்டே வேலைக்குப் போனார். காய்ச்சல் வந்தது அவருக்கு. ஊசி போட எங்கள் டாக்டரிடமே வந்து நின்றார்!

அதே மழையில் ஒருநாள் கொட்டில் சுவர் சரிந்து, அதற்குள் வளர்ந்துவிட்ட ராணி காணாமல் போனாள். அவர் தேயிலைக் காட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி அலைந்தார். சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் காலையில் அவளே நிதானமாக நடந்து வந்தாள்.

நாலு மாதம் போயிருக்கும். ஆபீசுக்கு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"கிளாக்கரையா, குட்டி ஏழு! ஏழுக்கும் முதுகுல யாரோ கோடு போட்டுட்டாங்க!"

டாக்டர் போய்ப் பார்த்தார். பழுப்பு நிறம், நீளவாக்கில் வரிகள். காட்டுப்பன்றிக் குட்டிகளுக்குத்தான் அப்படி இருக்கும். அப்பா காட்டுப்பன்றி!

செய்தி பரவி வனக்காவலர் வந்தார். "காட்டு மிருகத்த வளக்கறது குத்தம். குட்டிகளக் குடுங்க."

யார்க்‌ஷயர் கொட்டில் வாசலில் கையை விரித்து நின்றார். "சேர், அவன் உங்க காட்டு ஆளு. எம்புள்ளயக் கூட்டிட்டுப் போயி, நாலு நாள்ல திருப்பி அனுப்பிட்டான். நியாயமாப் பாத்தா நான்தான் உங்கமேல பிராது கொடுக்கணும்!"

கூட்டம் சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்காமல் முன்னால் வந்தார். "பால்குடி மறக்காத குட்டீங்க. தாயை விட்டுப் பிரிச்சா பாவமுங்க."

வனக்காவலர் ராணியைப் பார்த்தார். அவள் ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நோட்டை மூடினார்.

"வளந்து கோடு மறையற வரைக்கும் வெளிய காட்டாதீங்க. நான் வரவே இல்ல."

கோடுகள் மறைந்தன. நாடுகாணிப் பக்கத்திலிருந்து கறி வியாபாரிகள் விலை பேச வந்தார்கள். "பாத்துட்டுப் போங்க, ஆனா தரமாட்டேன்" என்று யார்க்‌ஷயர் அத்தனை பேருக்கும் டீ கொடுத்து அனுப்பினார்.

அடுத்த வருஷ முடிவில், பன்றி வளர்ப்புத் திட்டத்தால் வெற்றியடைந்த விவசாயிகள் எத்தனை பேர் என்று மேலிடத்துப் படிவம் கேட்டது. ஒரு பன்றிகூட விற்கவில்லையே என்று டாக்டர் பூஜ்யம் போடச் சொன்னார். யோசித்துப் பார்த்தேன். ஒன்று என்று எழுதிவிட்டேன்.