அடக்கத்தின் சிகரம்

தெருமுனையில் தொங்கிய ஃப்ளெக்ஸில் தன் முகத்தைப் பார்த்ததும் போன்சிங் பக்கத்துச் சந்துக்குள் ஒதுங்கினார். பத்தடி உயரம். கீழே, 'காலாவ் சோப் அணியின் மாபெரும் ஆட்டக்காரர், மலபோனின் மைந்தர்' என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் அதைவிடப் பெரிதாக வட்டாரத் தலைவர் எடோங்கின் முகம். ஊரில் எல்லோரும் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். தேர்தலுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது.

அணியின் ஐம்பதாம் ஆண்டு விழாவில் பத்து சாதனை ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கிறோம், நீங்களும் ஒருவர் என்று கடிதம் வந்த அன்றே, எங்கேயோ கோளாறு நடந்திருக்கிறது என்று போன்சிங்குக்குத் தெரிந்துவிட்டது. ஏழு வருஷம் அந்தச் சோப் கம்பெனியின் கூடைப்பந்து அணியில் இருந்தவர்தான். ஆனால் ஏழு வருஷமும் பெஞ்சில். மொத்தமே பதினோரு புள்ளி. எண்பத்தாறாம் வருஷ இறுதி ஆட்டத்தில் அவர் எழுந்து நின்றதே ஒரு தடவைதான், அதுவும் கழிவறைக்குப் போக.

சொந்த ஊரான மலபோனில் அவர் சொல்லி வைத்திருந்த கதையே வேறு. கடைசி நொடியில் பந்தை வளையத்துக்குள் போட்டுக் கோப்பையை வாங்கித் தந்தவர் அவர்தானாம். சாரிங் அவரைக் கட்டிக்கொண்டதே அந்தக் கதையில் மயங்கித்தான். அவள் பிறந்த சாமார் தீவுக் கிராமத்தில் அப்போது டிவி ஏது?

கடிதத்தைச் சட்டைப் பைக்குள் ஒளித்தார். சட்டையைத் துவைக்க எடுத்த சாரிங், அதைப் படித்துவிட்டு ஈரக்கையோடு கேப்டன் வீட்டுக்கு ஓடினாள். மறுநாள் ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது.

"கேப்டன், எனக்கு இந்த விளம்பரமெல்லாம் ஒத்து வராது. இறக்கிடுங்களேன்" என்று கெஞ்சிப் பார்த்தார்.

கேப்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. இறக்கவில்லை. அன்று மாலைக்குள் இன்னொரு ஃப்ளெக்ஸ் முளைத்தது. அதில் 'அடக்கத்தின் சிகரம்' என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது. போதாததற்கு ஊர் ஆட்டத்திடலுக்கே போன்சிங் பெயரை வைக்கப்போவதாக அறிவிப்பு வேறு.

விழா நாள் காலை போன்சிங் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். அசையவே முடியவில்லை என்று முனகினார். அதற்கும் கேப்டனிடம் வழி இருந்தது. ஊர் ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்தது. அதன் பின்னால் மூன்று ஜீப்னி வேன் நிறைய ஜனம். சைரன் அலற, ஊர்வலம் விழா நடக்கும் கெஸோன் சிட்டிக்குக் கிளம்பியது. வழியெல்லாம் சாரிங் அவர் இடுப்பைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"இன்னிக்கு ஒருநாள் பொறுத்துக்குங்க. அந்தக் கடைசி நொடி கதையை மேடையில நீங்களே சொல்லணும். நான் கேக்கணும்."

 இந்த மனுஷி இனி மீன் சந்தையில் எப்படித் தலைகாட்டுவாள் என்று நினைத்தபோது, போன்சிங்குக்கு இடுப்பு நிஜமாகவே வலித்தது.

அரங்கத்தில் பத்து நாற்காலிகள். மற்ற ஒன்பது பேரும் நிஜமான சூரர்கள். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார்கள். கடைசியாக அழைக்கப்படுகிறவர்தான் ஐம்பது வருஷத்திலேயே தலைசிறந்தவர், அவருக்குத்தான் தங்கப் பந்து என்று அறிவிப்பாளர் சொன்னார். அப்படியானால் முதல் ஆளாக நம்மைக் கூப்பிட்டுத் தொலைத்துவிடுவார்கள் என்று போன்சிங் இருந்தார். கூப்பிடவில்லை. மூன்றாவதாகவும் இல்லை. ஆறாவதாகவும் இல்லை. ஆகா, கோளாறைக் கண்டுபிடித்துப் பெயரை அடித்துவிட்டார்கள் என்று வேர்த்துக் கொட்டியது. மேலே கேலரியில் மலபோன் ஜனம் அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. சாரிங் கைக்குட்டையை ஆட்டினாள்.

ஒன்பதாவது ஆளாக ரைமுண்டோ போனார். அணியிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர். மிச்சம் இருந்தது போன்சிங் ஒருவர்தான்.

இதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. பட்டியலோடு நின்றிருந்த அலுவலகப் பெண் மாரிவிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, ஏதோ தப்பு நடந்துபோச்சு. நான் பெஞ்சுல உக்காந்திருந்தவன். பதினோரு புள்ளிதான் எடுத்தேன். கோப்பை வாங்கித் தந்தேன்னு ஊர்ல சொன்னதெல்லாம் பொய். என் பொண்டாட்டி அதோ கேலரியில உக்காந்திருக்கா. தயவு பண்ணி என்னைப் பின்பக்கமா அனுப்பிடு."

மாரிவிக் பெருமூச்சு விட்டாள்.

"தப்பெல்லாம் இல்ல, போன்சிங் ஐயா. மூணு தடவை எண்ணிட்டேன். யாரு தலைசிறந்தவர்னு அந்த ஒன்பது பேரையே கேட்டோம், அணியில ஆடின யாருக்கு வேணாலும் போடலாம், ஆளுக்கு ரெண்டு ஓட்டுன்னு. ஒண்ணை அவங்கவங்க தங்களுக்கே போட்டுக்கிட்டாங்க. இன்னொண்ணை, எந்த ஜென்மத்துலயும் ஜெயிக்கமாட்டான்னு நம்புன ஆளுக்குப் போட்டிருக்காங்க, ஒன்பது பேரும்."