கண்மாய்க்கு நான் விட்ட தண்ணீர்

எனக்கு வெளியாள் மேல் பொறாமை வராது. உலக அழகிக்குக் கிரீடம் வைத்தால் முதல் ஆளாகக் கைதட்டுவேன். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்துகொண்டு, என் மாமியாரையே தனக்கும் மாமியாராக வைத்திருக்கிற ஒருத்தி மேல் மட்டும்தான் வரும். அவள் என் ஓரகத்தி லூர்து, என் கொழுந்தனின் மனைவி, என்னைவிட ஆறு வயது இளையவள். பாவசங்கீர்த்தனத்தில் "பொறாமைப்பட்டேன் சாமி" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். (பெயரைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியாருக்கே அவள் பக்கம் திரும்பிப் பார்க்கத் தோன்றும். எதற்கு வம்பு?)

அப்படி என்ன செய்தாள் என்றால், போட்டோ எடுத்தாள். எங்கள் ஊர் ஆவூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவள் தினமும் காலையில் கண்மாய்க் கரை வழியாகப் பால் ஊற்றப் போவாள். போகிற வழியில் கேனைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடி கீறிப்போன ஒரு போனில் எதையாவது எடுப்பாள். எடுத்ததை எடுத்தபடியே குடும்ப வாட்ஸப் குழுவில் போடுவாள். துபாயில் இருக்கிற சின்ன மாமா முதற்கொண்டு உருகுவார்கள். மழைக்கு முன்னால் காற்றில் சாய்ந்து நிற்கிற ஒற்றைப் பனையை அவள் எடுத்ததை, என் மாமியார் பிரேம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டார்.

நான் சும்மா இருப்பேனா? புவியியல் டீச்சர். மேகத்துக்கு எத்தனை வகை என்று எட்டாம் வகுப்புக்கு எடுப்பவள். திருச்சிக்குப் போய், கழுத்தில் மாட்டினால் கழுத்தே வளைகிற கேமரா ஒன்று வாங்கி வந்தேன். அதில் எடுத்த படங்களோ, துவைத்துத் துவைத்து வெளுத்த பள்ளிச் சீருடை மாதிரி இருந்தன. குழுவில் போட்டால் சின்ன மாமா மட்டும் ஒரு கட்டைவிரலைப் போடுவார். அதுவும் என் வீட்டுக்காரர் போன் பண்ணிச் சொன்ன பிறகு.

அப்போதுதான் எடிட்டிங் கற்றுக்கொண்டேன். இணையத்தில் வீடியோ பார்த்துப் பார்த்து, கோடை விடுமுறை முழுக்க லேப்டாப்பும் நானுமாகக் கிடந்தேன். இருட்டை வெளிச்சமாக்கலாம், சாய்ந்ததை நிமிர்த்தலாம், வெளுத்த வானத்தை நீலமாக்கலாம். கடவுள் ஆறு நாளில் செய்ததை நான் அரை மணியில் திருத்தலாம் என்கிற அளவுக்கு மண்டைக்குள் ஏறிவிட்டது. லூர்து ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் செய்யத்தான் வேணுமா அக்கா என்று கேட்டாள். கேமராவுக்கு நம் கண் அளவுக்குப் பார்வை கிடையாது, நாம் கண்டதை அதிலிருந்து வரவழைக்க இதெல்லாம் தேவை என்று விளக்கினேன். அதில் தப்பில்லை, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். கண்டதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரிக்காரர்கள் புகைப்படப் போட்டி அறிவித்தார்கள். தலைப்பு, நம் மாவட்டத்து நீர்நிலைகள். வெளிச்சத்திலும் நிறத்திலும் சிறு திருத்தங்கள் செய்துகொள்ளலாம் என்று விதியில் போட்டிருந்தது. லூர்து அனுப்பப் போகிறாள் என்று மாமியார் தெரு முழுக்கச் சொல்லியிருந்தார். நான் யாரிடமும் சொல்லாமல் கேமராவை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்க் கண்மாய்க்குப் போனேன்.

கண்மாய் பொட்டல். நாலு வருடமாகச் சரியாகத் தண்ணீர் வரவில்லை. வரத்து வாய்க்கால் முழுக்க மண்மேடும் சீமைக்கருவேலமும். ஊரே மழைக்காலத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. ஐப்பசிக்குள் வாய்க்காலைத் தூர்வாரினால்தான் இந்த வருடமாவது நடவு என்கிற நிலைமை. அதற்காக அலைகிற பாசனச் சங்கத்துக்குச் செயலாளர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர் அந்தோணிதான்.

படத்தை லேப்டாப்பில் ஏற்றினேன். நானும் சிறு திருத்தமாகத்தான் ஆரம்பித்தேன். வெளிச்சம் கொஞ்சம் கூட்டினேன். வானம் வெறிச்சென்று இருந்ததால் மேகம் வைத்தேன். அப்படிப்பட்ட மேகத்துக்குக் கீழே வெடித்த தரை பொருந்தவில்லை. கொடைக்கானல் சுற்றுலாவில் எடுத்த ஏரியிலிருந்து தண்ணீரை வெட்டி எடுத்து எங்கள் கண்மாயில் விட்டேன். தண்ணீருக்கு நடுவில் கருவேலம் நின்றது அசிங்கமாக இருந்தது, பிடுங்கிப் போட்டேன். (கிராமமே பத்து வருடமாகப் பிடுங்க முடியாததை.) அவ்வளவு தண்ணீர் சும்மா கிடக்கிறதே என்று நாரை வைத்தேன். கையில் இருந்தது ஒரே நாரை. அதையே பதினொன்றாகப் பரப்பி, நாலைத் திருப்பி வைத்தேன். கடைசியாக மடைக்கு மேலே ஒரு சூரியன். 'எங்கள் ஊர்க் கண்மாயில் விடியல்' என்று பெயர் கொடுத்து, ஊர்ப் பெயரையும் தெளிவாகப் போட்டு அனுப்பினேன்.

அந்தோணியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நல்லாருக்கே, எந்த ஊரு என்றார். இங்கிட்டுப் பக்கத்துலதான் என்றேன்.

எனக்கு முதல் பரிசு. லூர்துவுக்கு ஆறுதல் பரிசு. அவள் அனுப்பியதும் அதே கண்மாய்தான். வெடித்த தரையும், நடுவில் மிஞ்சிய கையகலத் தண்ணீரில் மூக்கை நுழைக்கிற ஒரு எருமையும். ஆறுதல் என்ற சொல் எவ்வளவு இனிமையானது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மேடையில் பரிசு கொடுத்தவர் நீர்ப்பாசன அலுவலகத்து என்ஜினியர். படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, இந்த வறட்சியிலும் உங்க கண்மாய்ல இவ்வளவு தண்ணி நிக்கிறது பெரிய விஷயம்மா என்று மனதாரப் பாராட்டினார். அங்கேயே சொல்லியிருக்கலாம். கீழே லூர்து உட்கார்ந்திருந்தாள். ஆமாங்க சார் என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் லூர்து பக்கத்தில் உட்கார்ந்து, என் கேடயத்தைத் தன் மடியில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டாள். பாதி வழியில் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, நம்ம மடை மேக்காலதானே இருக்கு?"

மேற்கே சூரியனை உதிக்க வைத்த புவியியல் டீச்சர் நான், ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை அந்தோணியும் சங்கத்துக்காரர்கள் நாலு பேரும் மனுவை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்கள். ஊர்ப் பெயரைப் பார்த்ததும் என்ஜினியர் சிரித்துவிட்டாராம். உங்க கண்மாய்தான் ததும்புதே, போன வாரம்தான் படம் பார்த்துப் பரிசு கொடுத்தேன், காஞ்சு கிடக்கிற கண்மாயை முதல்ல பார்த்துட்டு அப்புறம் உங்க ஊருக்கு வர்றேன் என்று சொல்லி, தன் போனில் இருந்த படத்தையும் காட்டியிருக்கிறார். கீழே என் பெயர்.

அந்தோணி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே நின்றார். கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் கோபப்பட்டிருப்பேன்.

"செலின், அம்பது குடும்பம் நட முடியாம கெடக்கும்ப்பா. நாளைக்கு நீயே வந்து சொல்லிரு."

மறுநாள் பள்ளிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். நான், அந்தோணி, சங்கத்துக்காரர்கள் நாலு பேர். கூட லூர்துவும் வந்தாள், கேட்டால் துணைக்கு என்றாள். என்ஜினியர் அறையில் உட்கார நாற்காலி போதாமல் எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். படத்தில் கொஞ்சம் திருத்தம் செய்தேன் சார் என்று ஆரம்பித்தேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்றார். வாயால் சொல்லக் கூசியதால் லேப்டாப்பைத் திறந்து, சேர்த்ததை எல்லாம் வரிசையாக எடுத்துக் காட்டினேன். முதலில் நாரைகள் போயின. பதினொன்றும் ஒரே நாரை என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. சூரியன் போனது. மேகம் போனது. தண்ணீரை எடுத்ததும் அடியில் இருந்த வெடித்த தரையும் கருவேலமும் திரை முழுக்க வந்து நின்றன. சங்கத்தில் மூத்தவரான சவரிமுத்து மாமா பெருமூச்சு விட்டார்.

"நம்ம கண்மாய்க்குத் தண்ணி வந்ததும் தெரியல, போனதும் தெரியல."

பியூன் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். என்ஜினியர் சிரிக்கவில்லை. போன வாரம் தண்ணீர் என்றீர்கள், இன்றைக்குக் காய்ந்து கிடக்கிறது என்கிறீர்கள், இதில் எந்தப் படத்தை நான் நம்ப என்று கேட்டார். நியாயமான கேள்வி.

லூர்து தன் கீறல் போனை மேசைமேல் வைத்தாள். மாசி மாதத்திலிருந்து வாராவாரம், கரையில் அதே இடத்தில் நின்று எடுத்த படங்கள். தேதியோடு இருந்தன. தண்ணீர் சுருங்கிச் சுருங்கி எருமையின் மூக்களவுக்கு வந்த வரலாறு முழுக்க அதில் இருந்தது. வரத்து வாய்க்கால் எங்கெங்கே மேடிட்டிருக்கிறது என்றும் எடுத்து வைத்திருந்தாள். ஒன்றில்கூட வெளிச்சத்தைக் கூட்டவில்லை, ஒன்றுகூட நேராக இல்லை. என்ஜினியர் எல்லாவற்றையும் வாங்கிக் கோப்பில் சேர்த்துக்கொண்டார். ஊர்க்காரர்கள் லூர்துவைப் பார்த்த பார்வையை நான் கேமராவில் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் அவளை அதிலிருந்து அழித்திருப்பேன்.

பத்தே நாளில் ஜேசிபி வந்தது. நான் கல்லூரிக்குக் கடிதம் எழுதிக் கேடயத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் அதை யாருக்குக் கொடுத்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். இப்போது அது மாதா படத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறது.

ஐப்பசியில் நல்ல மழை. கண்மாய் நிரம்பி மடை திறந்தார்கள். ஒரு சாயங்காலம் வானம் முழுக்க ரோஸ் நிறமாகி, தண்ணீரும் அதே நிறமாகி, நிஜமாகவே நாரைகள் இறங்கியிருந்தன. ஓடிப்போய்க் கேமராவைக் கொண்டுவந்து எடுத்தேன். கொஞ்சம் நிமிர்த்தினேன், அவ்வளவுதான், வேறு எதையும் தொடவில்லை. குழுவில் போட்டேன். நாரை எத்தனை, எண்ணிப் பார்த்தியா என்று கொழுந்தன் கேட்டான். ரோஸ் கொஞ்சம் தூக்கலா இருக்கும்மா, குறைச்சிடு என்று துபாயிலிருந்து சின்ன மாமா அறிவுரை எழுதினார். அஞ்சு நிமிஷத்தில் லூர்துவும் அதே வானத்தை, கோணல்மாணலாக எடுத்துப் போட்டாள். கர்த்தரின் மகிமை என்று எல்லோரும் இதயம் இதயமாக அனுப்பினார்கள்.

வருடங்கள் ஆகிவிட்டன. போன மாதம் கொழுந்தன் மகளுக்குப் புதுநன்மை, முதல் நற்கருணை வாங்குகிற விழா. விருந்து நடக்கிற நேரத்தில் தொட்டியில் தண்ணீர் தீர்ந்து குழாய் நின்றுவிட்டது. சம்பந்தி வீட்டாரெல்லாம் எச்சில் கையோடு நிற்கிறார்கள். என் மாமியார் பதறவே இல்லை.

"மூத்தவளக் கூப்பிடுங்கப்பா. அந்த லேப்டாப்புப் பொட்டியத் தொறந்து ரெண்டு கொடம் ஊத்தச் சொல்லுங்க."

பந்தலே சிரித்தது. இதற்கெல்லாம் பழகிவிட்டேன், நானும் சேர்ந்து சிரித்தேன். லூர்து மட்டும் சிரிக்கவில்லை. ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் ஊற்றி, "விடுங்கக்கா, அவுக கெடக்காக" என்றாள்.

அவளும் சேர்ந்து ஒரு தடவை சிரித்துத் தொலைத்தால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும்.