சர்வேயர் வீட்டு மாடித் தோட்டம்

தக்காளியில் பூச்சி கடித்த மாதிரி ஓட்டை போடுவது அவ்வளவு லேசான வேலை இல்லை என்பது சர்வேயருக்கு அன்று மத்தியானம்தான் தெரிந்தது. காம்பஸ் முனையால் குத்தினார். ஓட்டை அச்சு அசல் வட்டமாக விழுந்தது. எந்தப் பூச்சியும் இவ்வளவு ஒழுங்காகச் சாப்பிடாது. பல்குச்சியால் அதைக் கொஞ்சம் கோணலாக்கி, வாசலிலிருந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து வந்து மேலே தடவினார். இப்போது அது தோட்டத்துத் தக்காளி மாதிரியும் இல்லை, சந்தைத் தக்காளி மாதிரியும் இல்லை. மாடிப்படியில் உருண்டு விழுந்த தக்காளி மாதிரி இருந்தது.

எல்லாம் வாயால் வந்த வினை. சர்வேயர் ஓய்வு பெற்றவர். ஊரார் நிலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளந்தவரே தவிர, சொந்தமாக ஒரு கடுகைக்கூட முளைக்க வைத்தது கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். தூர தேசத்திலிருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்பான். இரண்டுக்கும் ஆமாம் சொன்னால் பேச்சு முடிந்தது. மற்ற நாட்களில் அந்த வீட்டில் சத்தம் போடுகிற ஒரே ஜீவன் ஃபிரிட்ஜ்தான். அதுவும் உறுமுமே தவிர, கேட்டதற்குப் பதில் சொல்லாது.

இரண்டு தெரு தள்ளி அந்த இயற்கைக் காய்கறிக் கடை வந்தது இப்படி இருந்த காலத்தில்தான். சந்தைக்குப் போனால் காய்க்காரர் எடை போட்டு, பையில் கொட்டி, அடுத்தது யாரு என்பார். இந்தக் கடைக்காரம்மா அப்படி இல்லை. ஒரு வெள்ளரிக்காயைக் கையில் எடுத்தால் அது எந்தத் தோட்டம், என்ன உரம், போன வாரத்து மழையில் எப்படிப் பிழைத்தது என்று பெரிய வரலாறே சொல்வார். சந்தைக் காயெல்லாம் சீருடை போட்ட பிள்ளைகள் மாதிரி ஒரே அளவு, ஒரே பளபளப்பு. மருந்தடிக்காத காய்க்குத்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் உண்டு என்பது அவர் கட்சி. பூச்சியே தொடாத காயை மனுஷன் மட்டும் எதை நம்பித் தொடுவது என்றும் கேட்பார்.

சர்வேயருக்கு ருசியில் ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை. இரண்டையும் தட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தின்றுகூடப் பார்த்துவிட்டார். தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற வாய்க்கு எல்லாம் ஒன்றுதான். ஆனாலும் சாயங்காலமானால் சட்டையை மாற்றி, தலையை வாரிக்கொண்டு கிளம்பிவிடுவார். காயைவிடப் பேச்சுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

ஆனால் கேள்விக்கும் ஒரு அளவு உண்டே. உரம், மண்புழு, வேப்பெண்ணெய் எல்லாம் கேட்டுத் தீர்ந்துபோன ஒரு நாள், கடைக்காரம்மா பையை நீட்டி வேறு ஏதாவது வேண்டுமா என்றார். இல்லை என்றால் வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டை நினைத்ததும் சர்வேயருக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நானும் மாடியில தக்காளி போட்டிருக்கேங்க."

கடைக்காரம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அன்று வெகுநேரம் பேசினார்கள். கிளம்பும்போது, "நாளைக்கு நாலு பழம் கொண்டு வாங்க சார், நானும் பாக்கறேன்" என்றார்.

காம்பஸும் மண்ணும் அந்த நாலு பழத்துக்காகத்தான். சந்தையில் அவர் கோணல், வெடிப்பு, நசுங்கல் என்று தேடித் தேடிப் பொறுக்கியதைப் பார்த்துக் காய்க்காரரே பதறிப்போனார். அது கழித்துப் போட்டது சார், நல்லதாக எடுங்கள் என்று தடுத்தும் பார்த்தார். பிறகு பெரியவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு கட்டி, இரக்கப்பட்டு ஒன்றைக் கொசுறாகப் போட்டார்.

கடைக்காரம்மா பழத்தை மூக்கருகே கொண்டுபோனார். சர்வேயர் தராசைப் பார்ப்பது மாதிரித் திரும்பிக்கொண்டார்.

"இதுதான் சார் தக்காளி வாசனை" என்றார் அவர்.

தப்பித்தோம் என்று சர்வேயர் மூச்சு விடுவதற்குள், இனிமேல் விளைவதையெல்லாம் தன் கடைக்கே கொண்டு வரச் சொல்லிவிட்டார். தலையை ஆட்டிவிட்டு வந்தவர், அன்றிலிருந்து தினம் சந்தைக்கும் வீட்டுக்கும் கடைக்கும் அலைந்தார். என்ன உரம் என்று கேட்டால் ஆறிப்போன டீத்தூள் என்றார். பூச்சிக்கு என்ன செய்வீர்கள் என்றால், கிட்டே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் வராது என்றார். ஒரு நாள் தக்காளியோடு கத்தரிக்காயும் கொண்டுபோனார். அதில் ஒன்றின் முதுகில் சந்தைக்காரர்கள் ஒட்டும் சின்ன ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

"இது என்ன சார்?"

"அடையாளத்துக்கு நான்தாங்க ஒட்டினேன். முதல்ல காய்ச்சது."

கடைக்காரம்மா ஸ்டிக்கரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கத்தரிக்காயைத் தட்டில் அடுக்கினார். தட்டுகளில் இப்போதெல்லாம் பாதிதான் காய் இருந்தது, கடையில் வேறு ஆளையும் காணோம். பொய்யைக் காப்பாற்றுகிற கவலையில் இருந்தவருக்கு அதெல்லாம் எங்கே உறைக்கும்? யாரும் குறுக்கே வராமல் பேச முடிகிறதே என்று சந்தோஷம்தான் பட்டார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஒரு நாள் கடைக்காரம்மா, உங்கள் தோட்டத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று கேட்டார். அந்த வீட்டுக்கு ஒரு மனுஷர் வந்தே எத்தனையோ காலமாகிவிட்டது. சர்வேயர் யோசிக்காமல் வாங்க என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

நர்சரியிலிருந்து ஒரு வண்டிச் செடியை இறக்கினார். டேப் பிடித்து அளந்து, நூல் கட்டி, தொட்டிகளை இம்மி பிசகாமல் வரிசை வைத்தார். தொழிலில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. காய்க்குத்தான் வழி இல்லை. சந்தைத் தக்காளியை மனைவியின் தையல் பெட்டியிலிருந்த பச்சை நூலால் ஒவ்வொரு கிளையிலும் கட்டித் தொங்கவிட்டார். முதுகு ஒடிந்துவிட்டது. தள்ளி நின்று பார்த்தபோது கண்ணுக்கு நிறைவாகத்தான் இருந்தது. இரண்டு டம்ளரில் டீ போட்டு வைத்தார். இரண்டாவது டம்ளரைத் தேடி எடுக்கவே நேரமாகியது.

கடைக்காரம்மா வந்தார். மாடி ஏறினார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து பார்த்தார். ஒரு செடி முன்னால் வெகுநேரம் நின்றார்.

"சார், இது கத்தரிச் செடி."

சர்வேயர் சிவப்புத் தக்காளிகள் தொங்கிய செடியைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார்.

"அதுவும் கத்தரிதான் சார்" என்றார் அவர் மெதுவாக.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"தோட்டமெல்லாம் எதுவும் இல்லீங்க. எல்லாம் சந்தையில வாங்கினது. சாயங்காலம் பேசறதுக்கு எனக்கு ஆள் இல்ல, அதான் இப்படிப் பண்ணிட்டேன்."

கடைக்காரம்மாவின் கண் கலங்கியது. டீயை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். ஏமாற்றினவனிடம் என்ன பேச்சு என்று நினைத்திருப்பார் என்று சர்வேயருக்குத் தோன்றியது. அன்று ராத்திரி ஃபிரிட்ஜின் உறுமல் தாங்க முடியாததாக இருந்தது. உள்ளதும் போச்சே என்று நினைத்து நினைத்து அழுதார்.

மறுநாள் சாயங்காலம் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று, அழுது வீங்கிய முகத்தைத் தெரிந்தவர் யாரும் பார்த்துவிடாமலிருக்கக் குறுக்குச் சந்தில் புகுந்து கடைக்குப் போனார். ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்துக் கடைத் தையல்காரர் தைத்துக்கொண்டிருந்தார். தன்மேல் உள்ள கோபத்தில்தான் மூடிவிட்டார்களா என்று சர்வேயர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கோபமா? உங்க வீட்டுக்குத்தானே போறேன்னு கிளம்பினாங்க, எதிர்ல வரலையா?"

"கடை நேரத்துல கடையை விட்டுட்டா?"

தையல்காரர் மிஷினை நிறுத்தினார்.

"எந்தக் கடை சார்? அதை மூடி மூணு மாசமாச்சு. அடுத்த ஆள் வர்ற வரைக்கும் சாவி அந்தம்மாகிட்ட இருக்கு, தினம் சந்தைக்குப் போயி கோணல் காயாப் பொறுக்கிட்டு வந்து நீங்க வர்ற நேரத்துக்கு மட்டும் ஷட்டரைத் தூக்கி வைப்பாங்க."