யாருக்கோ வைத்த சொஜ்ஜி

கூச்சப்படுகிறவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நான் சொல்கிறேன், எங்களைப் போலப் பொய் சொல்கிறவர்கள் கிடையாது. வாயைத் திறந்தால்தானே உண்மை வெளியே வரும்? யார் எதைக் கேட்டாலும் நான் தலையாட்டிவிடுவேன். அப்படி ஆட்டித்தான் ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தேன்.

அது நடந்தது தொண்ணூறு, தொண்ணூற்றொன்று வாக்கில் இருக்கும். சின்ன வயதில் நான், கஸ்தூரி, ஸ்டெல்லா மூன்று பேரும் சேலையூர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. (அதற்கு மேல் எங்களை யாரும் படிக்கச் சொல்லவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை.) கல்யாணமாகி நான் அஸ்தினாபுரம் போனேன், கஸ்தூரி கூடுவாஞ்சேரி போனாள். ஸ்டெல்லா கல்யாணமே வேண்டாம் என்று கோவளத்தில் ஒரு விடுதியில் சமையல் வேலைக்குப் போய்விட்டாள். பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் மூவரும் சந்தித்தபோது கஸ்தூரி உத்தரவு போட்டாள்.

"ஒரு நாள் முழுக்க நம்ம ஊரைச் சுத்தணும்டி. புருஷன், புள்ளைங்க யாரும் கூடாது."

ஒரு வெள்ளிக்கிழமை தாம்பரம் ஸ்டேஷனில் கூடினோம். கோயிலுக்குப் போவதால் மூன்று பேரும் பட்டுச்சேலை. ஒரு ஆட்டோவை நாள் முழுக்கப் பேசிக்கொண்டு மாடம்பாக்கம் கோயிலுக்குப் போனோம். அப்புறம் எங்கள் பள்ளிக்கூடம். வெளியே வந்ததும் எனக்கு எங்கிருந்து வந்ததோ தைரியம்.

"நான் பொறந்த வூட்டைக் காட்டறேன், வாங்கடி. எப்பவோ வித்தாச்சி, ஆனாலும் கண்ணைக் கட்டிவுட்டாக்கூடப் போயிடுவேன்."

"கட்டாமலே கூட்டினு போ, பாக்கலாம்" என்றாள் கஸ்தூரி. யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகக்கூடாது என்று அர்ச்சனைத் தட்டில் இன்னும் ஒரு சீப்பு வாழைப்பழமும் நாலு முழம் மல்லிகைப்பூவும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

வயல் இருந்த இடத்திலெல்லாம் தெரு முளைத்திருந்தது. நான் இடது கையைக் காட்டினேன், வலது கையைக் காட்டினேன்.

"யக்கா, இந்தத் தெருவுக்கு இது மூணாவது தபா" என்றார் ஆட்டோக்காரர். "வண்டி தானாவே திரும்புது."

அப்போதுதான் வாசலில் நெல்லி மரம் வைத்த ஒரு வீடு கண்ணில் பட்டது. எங்கள் வீட்டு வாசலிலும் நெல்லி மரம்தான். "இதான்!" என்று கத்தினேன்.

நான் கதவைத் தொடுவதற்குள் அது திறந்தது. புது வேட்டி கட்டிய ஒருவர் கைகூப்பினார்.

"வாங்க, வாங்க! உங்களத்தான் எதிர்பாத்துகிட்டு இருக்கோம். தரகர் அப்புறமா வராராங்க?"

எனக்குத் தரகர் யாரென்று தெரியாது. தலையாட்டினேன்.

பின்னால் நின்ற அவருடைய அக்கா எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "மூணு பேரா வந்திருக்காங்களேடா, நல்ல காரியத்துக்கு ஆவாதே" என்று முணுமுணுத்தார். உடனே வேட்டிக்காரர் வெளியே ஓடி ஆட்டோக்காரரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நாலாவது ஆளாக நாற்காலியில் உட்கார வைத்தார்.

சொஜ்ஜி வந்தது. பஜ்ஜி வந்தது.

"நானும் பத்து வருசமா வண்டி ஓட்றேன்" என்றார் ஆட்டோக்காரர். "சவாரிக்கு சொஜ்ஜி குடுக்கற வூடு இப்பத்தான் பாக்கறேன். சூடா கீதுக்கா, சாப்புடு."

சாப்பிட்டோம். இரண்டாவது தட்டும் சாப்பிட்டோம். அப்புறம் பச்சைப் பட்டுச்சேலையில் ஒரு பெண் காபித் தட்டோடு வந்து, அதைக் கீழே வைத்துவிட்டு என் காலில் விழுந்தாள்.

"சுகுணா, இது பொண்ணு பாக்கறதுடி!" என்று ஸ்டெல்லா என் காதைக் கடித்தாள். ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிற கஸ்தூரியைப் பார்த்தேன். அவள் வாயில் இரண்டு பஜ்ஜி.

பெண்ணின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ரெண்டு எடம் வந்து பாத்துட்டு பதிலே சொல்லாம போயிட்டாங்க. அதுலேந்து இது சிரிக்கறதே இல்ல. உங்களுக்காவது பொண்ணு புடிச்சிருக்கா?"

அந்த முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்வேன்? தலையாட்டினேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

வாசலில் கார் வந்து நின்றது. தரகரோடு நாலு பெண்கள் இறங்கினார்கள். முன்னால் வந்தவர்தான் பையனின் அம்மா. காலித் தட்டுகளைப் பார்த்தார். என் கை இருந்த இடத்தைப் பார்த்தார்.

"ஒரே நாள்ல ரெண்டு எடத்துக்குக் காட்டுறீங்களா? தரகரே, வண்டியத் திருப்பச் சொல்லுங்க."

பெண்ணின் அம்மா என் கையை விட்டுவிட்டார். கதவோரம் நின்ற அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். மூன்றாவது இடமும் போகிறது, என்னால். எழுந்து நின்றேன்.

"போவாதீங்கம்மா! நாங்க பொண்ணு பாக்க வரல. வூடு பாக்க வந்தோம். இது நான் பொறந்த வூடு."

"ஏங்க, இத நான் கட்டியே ஆறு வருஷம்தாங்க ஆவுது" என்றார் பெண்ணின் அப்பா.

"அந்த நெல்லி மரம்?"

"அதுவும் நான் வெச்சதுங்க."

பையனின் அம்மா இடுப்பில் கை வைத்தார். "பட்டுச்சேல கட்டிக்கினு, பழத்தட்டத் தூக்கிக்கினு வூடு பாக்க வந்தியா? யாருகிட்ட கத வுடற?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. வாழ்நாளில் நான் பேசிய பெரிய பேச்சு அதுதான்.

"எனக்கு ரெண்டும் பொண்ணுங்கம்மா! இவ புள்ள ரெண்டாங்கிளாஸ் படிக்கிறான். அவளுக்குக் கல்யாணமே ஆவல. இந்தப் பொண்ணக் கூட்டினு போயி நாங்க யாருக்குக் கட்டி வெக்கிறது? ஆட்டோக்காரருக்கா?"

ஆட்டோக்காரர் பதறி எழுந்தார். "யம்மா, எனக்கு ஆயிடிச்சி! மூணு கொயந்த கீது!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தப் பெண்தான். முந்தானையால் வாயைப் பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை. பையனின் அம்மா திரும்பி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமா, எங்க வூட்ல எல்லாம் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிற ஆளுங்க. சிரிக்கறதுக்கு ஒண்ணாவது வேணும்" என்று சொல்லி, நான் எழுந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

சொஜ்ஜியை நாங்கள் தீர்த்துவிட்டதால் அவர்களுக்கு எங்கள் வாழைப்பழம்தான் கிடைத்தது. கல்யாணப் பத்திரிகை எங்கள் மூன்று பேருக்கும் வந்தது. (ஆட்டோக்காரருக்குத் தனியாக, குடும்பத்தோடு வரச்சொல்லி.)

என் வீட்டுக்காரர் இந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை. மனதில் வைத்துக்கொண்டார். பல வருஷம் கழித்து எங்கள் பெரியவளைப் பெண் பார்க்க வந்தபோது, கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே நின்றபடியே எந்தத் தெரு, எத்தனையாம் நம்பர், யாரைப் பார்க்க வந்தீர்கள், பெண்ணின் பெயர் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மாப்பிள்ளையின் அம்மா வெயிலில் நின்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகுதான் பூட்டைத் திறந்தார்.

அந்த அம்மாதான் இன்றைக்கு என் சம்பந்தி. மகளைப் பார்க்க நான் எப்போது போனாலும் கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டுவார்.

"யாரு வேணும்? எந்தத் தெரு?"

கதவு நம்பர் வரைக்கும் ஒழுங்காகச் சொன்னால்தான் எனக்குக் காபி.